‘அய்’ என்னும் இடைச்சொல்: தகலோக் தொடரிலக்கணம் எழுதப்பட்ட வரலாறு

பிலிப்பைன்ஸ் தீவுகளில் உணவு உண்டுகொண்டிருக்கும் ஒருவர், அவ்வழியே வருவாரைக் கண்டால் ‘காயின் தாயோ’ என்பார். ‘காயின்’ என்பது உண்ணுதல்; ‘தாயோ’ என்பது நாம். வந்தவர் நன்றி கூறி அகல்வாரே யன்றி அமர்ந்துண்ணார் என்பது இருவர்க்கும் தெரிந்திருப்பினும் அழைப்பு மட்டும் தவறுவதில்லை. ஈண்டுக் கருதற்குரியது ‘தாயோ’ என்னும் சொல். அம்மொழியில் தன்மைப் பன்மை இருவகைப்படும். முன்னிலையாரை உளப்படுத்துவது ‘தாயோ’. அவரை விலக்கி நிற்பது ‘காமி’. ‘தாயோ’ நின்ற இடத்தில் ‘காமி’ நிற்குமாயின் அழைப்பு அழைப்பாகாது. நாம் என்றும் நாங்கள் என்றும் பிரித்துப் பேசும் தமிழர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் ஒரே சொல். சொற்றொடர்க் கையேடுகள் ‘காயின் தாயோ’ என்பதை ஆங்கிலத்தில் பெயர்த்து முடித்தவுடன், யார் உள்ளே, யார் வெளியே என்னும் செய்தி அம்மொழிபெயர்ப்பில் மறைந்துவிடுகிறது.

ஒரு மொழியின் தொடரைப் பிறமொழி இலக்கணத்தால் அளக்கும்போது மறைவன யாவை, இல்லாதனவாகப் புகுவன யாவை என்று காண்பதற்குத் தகலோக் மொழியின் நானூறாண்டு இலக்கண வரலாறு தக்க சான்று. அவ்வரலாற்றை இக்கட்டுரையிற் சுருங்க உரைக்க முயல்வோம்.

முதற்கண் பெயர் பற்றி ஒரு குறிப்பு. தகலோக் என்பது மணிலா நகரிலும் அதனைச் சூழ்ந்த லூசோன் தீவின் பகுதிகளிலும் தாய்மொழியாக வழங்குவது. அதனை அடிப்படையாகக் கொண்ட நாட்டுமொழிக்கு 1959-இல் ‘பிலிப்பினோ’ என்று பெயரிட்டனர். 1973-ஆம் ஆண்டு அரசியலமைப்பும் 1987-ஆம் ஆண்டு அரசியலமைப்பும் அதனை ‘ஃபிலிப்பினோ’ என்றன. பகரம் ஃபகரமானது எழுத்துப் பிழையன்று. தகலோக்கில் இயல்பாக ஃபகர ஒலி இல்லை. நாட்டின் பிற மொழிகளையும் அணைத்துக்கொள்ளும் பொதுமொழி என்று காட்டவே அவ்வொலி வேண்டுமென்று கொண்டனர். 20 எழுத்துடைய நெடுங்கணக்கு பின்னர் 28 எழுத்தாகப் பெருகியதும் இதன் தொடர்பினதே. இக்கட்டுரையில் மேற்கோளாக வரும் தகலோக் சொற்களில் தமிழ் வரிவடிவத்தால் ககர தகர பகரங்களின் வன்மை மென்மை புலப்படா. ஒலி நுணுக்கம் எமது பொருளன்று ஆதலின் அக்குறை பொறுத்தற்குரியது.

ஸ்பானியர் வருமுன்பே தகலோக் மக்கள் ‘பைபாயின்’ என்னும் தம் எழுத்தில் எழுதவும் படிக்கவும் வல்லராயிருந்தனர். மலாய் வணிகத்தின் வழியாக இந்திய மொழிச் சொற்களும் அங்குச் சென்றிருந்தன. ஆசிரியரைக் குறிக்கும் ‘குரோ’ வடமொழிக் குரு. ‘மங்கா’ நம் மாங்காயினின்றும், பொருள் எனப் பொருள்படும் ‘பகாய்’ நம் வகை என்னும் சொல்லினின்றும் மலாய் வழியாகச் சென்றவை என்பர். எனினும் தொல்காப்பியம் போன்றதோர் இலக்கணநூல் அவர்களிடமிருந்து நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அம்மொழியின் தொடரமைப்பை முதன்முதல் எழுதியோர் அம்மொழியைப் பிறந்து பேசாதவர்களாயினர். அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

1593-இல் மணிலாவில் மரக்கட்டை அச்சில் ‘தொக்திரினா கிறிஸ்தியானா’ என்னும் சமயச் சிறுநூல் ஸ்பானியத்திலும் தகலோக்கிலும் வெளிவந்தது. இந்நாளில் அறியப்பட்ட ஒரே படி அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் உள்ளது. இறைவனைத் தந்தையென விளிக்கும் வேண்டுதலைப் பெயர்த்தோர், இலத்தீனில் வேறுபாடின்றி நிற்கும் தன்மைப் பன்மைச் சொல்லுக்குத் தகலோக்கில் உளப்பாடு அல்லாத ‘நாமின்’ என்பதைக் கொண்டனர். விளிக்கப்படுபவன் இறைவன், அவன் தனக்குத் தந்தையாகான் ஆதலின் ‘நம்’ என்பது பொருந்தாது. தமிழில் அதே வேண்டுதலைப் பெயர்த்தோரும் ‘எங்கள்’ என்றே கொண்டனர். தம் மொழியில் இல்லாததொரு வேறுபாட்டை அப்பாதிரிமார் நுனித்துணர்ந்தனர் என்பதற்கு இச்சிறு சொல்லே போதிய சான்று. அவர்தம் இலக்கண அறிவை இக்காலத்தார் சிலர் எளிதாக இகழ்தல் நேர்மையன்று என்பது எம் கருத்து.

அபுகாய் அச்சகம், 1610

1610-ஆம் ஆண்டு பத்தான் நிலப்பகுதியிலுள்ள அபுகாய் என்னும் சிற்றூரில் தொமினிக்கச் சபையாரின் அச்சகத்தினின்றும் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று பிரான்சிஸ்கோ பிளாங்காஸ் தே சான் ஹொசே என்னும் துறவி ஸ்பானியர்க்கு எழுதிய தகலோக் இலக்கணம். அதனை அச்சிட்டவர் தோமாஸ் பின்பின் என்னும் தகலோக்கர். மற்றொன்று அப்பின்பின்னே தம் மக்கள் ஸ்பானியம் கற்றற்பொருட்டுத் தகலோக்கில் எழுதிய நூல். பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஒருவர் எழுதி அச்சேறிய முதல் நூல் அது என்பர். ஒரே ஆண்டில், ஒரே அச்சகத்தில், ஒருவர் அம்மொழியை நோக்கி வந்தார். ஒருவர் அம்மொழியினின்றும் புறநோக்கிச் சென்றார்.

பின்பின்னின் நூல் சுவையுடையது. ஸ்பானியரின் உடையையும் படைக்கலத்தையும் நடையையும் விரும்பி மேற்கொள்ளும் நீவிர் அவர் மொழியை அறியாதிருப்பின் அவையெல்லாம் என்ன பயன் என்னும் கருத்துப்பட அவர் தம்மவரை நோக்கிப் பேசுகிறார். பாடங்களினிடையே இருமொழியும் விரவிய பாடல்களை அமைக்கிறார். சமயநூல்களை அச்சுக்கோத்த கையால் அவர் தம்மவர்க்குக் கொடுத்தது அன்றாட உரையாடலுக்கு வேண்டிய சொல்லும் தொடரும். வட்டார மக்கள் ஆள்வோர் மொழியால் ஏமாற்றப்படாமற் காத்துக்கொள்ளும் கருவியாக அவர் மொழிக் கல்வியைக் கருதினார் என்று விசென்தே ரஃபாயெல் 1988-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிற் காட்டியுள்ளார்.

பிளாங்காஸ் போன்றோர்க்குப் பெருந்தடையாயிருந்தது தகலோக் வினை. அதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இவ்வரலாற்றின் முடிச்சு அதன்கண்ணே உள்ளது.

‘பிலி’ என்பது வாங்குதலைக் குறிக்கும் அடிச்சொல். ‘பபாயே’ பெண், ‘இஸ்தா’ மீன். ‘புமிலி நங் இஸ்தா அங் பபாயே’ என்றால் அப்பெண் மீன் வாங்கினாள். ‘பினிலி நங் பபாயே அங் இஸ்தா’ என்றால் அம்மீனைப் பெண் வாங்கினாள். ‘அங்’ என்னும் இடைச்சொல் முன்னதிற் பெண்ணோடும் பின்னதில் மீனோடும் நிற்றல் காண்க. ‘அங்’ பெற்ற பெயர் செய்பவனா, செய்பொருளா என்பதை அறிவிப்பது வினையின் வடிவம். ‘பினில்ஹான்’ எனின் அப்பெயர் வாங்கப்பட்ட இடமோ விற்ற ஆளோ ஆகும். ‘இபினிலி’ எனின் யார்பொருட்டு வாங்கினாரோ அவர். ‘இபினம்பிலி’ எனின் வாங்கப் பயன்பட்ட பணம். ‘உம்’, ‘இன்’ என்னும் ஒட்டுகள் அடிச்சொல்லின் உள்ளே, முதல் மெய்க்கும் உயிர்க்கும் இடையிற் புகுவன. இடைநிலை என்னும் நம் பெயர் அங்கே சொல்லளவிலும் பொருந்தும்.

தமிழில் வேற்றுமைப் பொருளைப் பெயரின் உருபு காட்டும். அங்கே வினை காட்டும். இது விந்தையாகத் தோன்றலாம். ஆயின் நம் பெயரெச்சத்தை நோக்குக. வாங்கின பெண், வாங்கின மீன், வாங்கின கடை, வாங்கின பணம், வாங்கின நாள் என ஒரே எச்சம் வினைமுதல், செயப்படுபொருள், இடம், கருவி, காலம் ஆகிய பலவகைப் பெயரையும் கொண்டு முடியும் என்பதை நம் இலக்கணிகள் வரையறுத்துரைத்துள்ளனர். தமிழில் எச்சத்தின் வடிவம் மாறாது. எப்பொருளென்பதைக் கேட்போரே உய்த்துணர்வர். தகலோக்கில் அவ்வுறவு ஒவ்வொன்றிற்கும் வினை தனித்தனி வடிவம் கொள்ளும். எச்சத்தில் மட்டுமன்று, முற்றிலும் அவ்வாறே. இலத்தீன் கற்று வந்த துறவியைக் காட்டிலும் நன்னூல் கற்ற மாணாக்கன் இதனை விரைவில் உணர்வான் என்பது எம் துணிபு.

இலத்தீன் இலக்கணத்தில் வினை இருவகை: செய்வினை, செயப்பாட்டுவினை. ஆதலின் ‘புமிலி’ செய்வினையாயிற்று. ஏனைய யாவும் செயப்பாட்டுவினை என்னும் ஒரே அறையில் அடைபட வேண்டியிருந்தது. ஆயினும் அத்துறவியர் அவற்றை ஒன்றாகக் குழப்பாமல் ‘இன்’ செயப்பாட்டுவினை, ‘இ’ செயப்பாட்டுவினை, ‘அன்’ செயப்பாட்டுவினை என மூன்றாகப் பகுத்தனர். பகுப்பு நன்று, பெயர் தவறு. செயப்பாட்டுவினை என்றவுடன் செய்வினையே முதன்மையானது, ஏனையது அதனினின்றும் திரிந்தது என்னும் கருத்து உடன்வருகிறது. தகலோக்கிலோ இன்ன மீன் என்று சுட்டப்பட்ட மீனை வாங்கியதைச் சொல்லுதற்கு ‘பினிலி’ என்பதே இயல்பு. இத்தகைய தொடர்களை மிகுதியாகப் பேசும் மக்களைச் செயலில் விருப்பமற்றவர் என்று எண்ணுதற்கும் இப்பெயர் இடந்தரக்கூடும்.

நம் நாட்டிலும் இதனையொத்த முயற்சி அதற்கு முன்பே நிகழ்ந்தது. அன்றிக்கே அடிகளார் 1549-ஆம் ஆண்டளவில் பரோசு என்பாரின் போர்த்துகேசிய இலக்கணத்தை முன்மாதிரியாகக் கொண்டு தமிழிலக்கணம் எழுதினார். ஆயின் தமிழில் ஐயுற்றபோது சென்று வினவுதற்குத் தமிழ்ப் புலவரும் இலக்கணநூலும் இருந்தன. அபுகாயில் அவ்வாய்ப்பு இல்லை.

ஸ்பானிய ஆட்சியில் ஸ்பானிய மொழி பெரும்பாலோரைச் சென்றடையவில்லை. 1863-ஆம் ஆண்டு அரசாணை தொடக்கப் பள்ளிகளில் அதனைக் கற்பிக்க விதித்தும் நடைமுறை வேறாயிருந்தது. ஹொசே ரிசால் 1887-இல் வெளியிட்ட ‘நோலி மே தாங்கெரே’ என்னும் புதினத்தில், ஸ்பானியத்தில் வணக்கம் கூறிய ஊர்ப்பள்ளி ஆசிரியரைப் பாதிரியார் எள்ளி நகையாடித் தன் மொழியோடு அமையச் சொல்லும் காட்சி உண்டு. மக்கள் ஸ்பானியச் சொற்களை எடுத்துக்கொண்டனர், தொடரிலக்கணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நலம் வினவும் ‘கோமோ எஸ்தா’ என்னும் முழுத்தொடர், எழுவாய்க்கேற்ப ஈறு திரிந்த வினையோடும் கூடி, ‘குமுஸ்தா’ என்னும் ஒரு சொல்லாய் உறைந்தது. ‘குமுஸ்தா கா’ என்றால் நலமா நீ. ஒரு மொழியின் முற்றுத்தொடர் மற்றொரு மொழியிற் பயனிலைச் சொல்லாய் அடங்கியது காண்க.

ஆங்கிலப் பள்ளியும் ‘அய்’யும்

1901-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இயற்றப்பட்ட 74-ஆம் எண் சட்டம் ஆங்கிலத்தைப் பள்ளிகளின் பயிற்றுமொழியாக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்னும் கப்பலில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்க ஆசிரியர் மணிலா வந்திறங்கினர். ஸ்பானியர் மூன்று நூற்றாண்டிற் செய்யாததை இவர்கள் ஒரு தலைமுறையிற் செய்தனர். ஆங்கிலத் தொடரிலக்கணம் சிற்றூர்ச் சிறுவனையும் அடைந்தது.

அச்சிறுவன் செய்த பிழைகள் அவன் மொழியின் முறைமையினின்றும் பிறந்தன. ‘ஸியா’ என்பது அவனையும் குறிக்கும், அவளையும் குறிக்கும். ஆகவே ஆங்கிலத்தில் ஆண்பாற் சொல்லும் பெண்பாற் சொல்லும் அவன் நாவில் மயங்கின. தகலோக் வினை, செயல் முடிந்ததா, நிகழ்ந்துகொண்டிருப்பதா, இனித் தொடங்குவதா என்பதைக் காட்டும்; நேற்றா இன்றா என்பதைக் காட்டாது. ‘குமாகாயின்’ என்பது உண்டுகொண்டிருக்கிறான் எனவும் படும், உண்டுகொண்டிருந்தான் எனவும் படும். ஆங்கிலமோ காலத்தைச் சொல்லாமல் விடாது. மூத்தோரை விளிக்கும் ‘போ’ என்னும் மதிப்புச் சொல்லுக்கும், ஒருவரையே பன்மையாற் சுட்டும் ‘காயோ’ என்பதற்கும் ஆங்கிலத்தில் இடமில்லை. 1925-இல் பால் மன்றோ தலைமையில் அமைந்த கல்வி ஆய்வுக் குழு, மாணாக்கர் அயல்மொழியாற் படும் இடரை விரிவாக எடுத்துக்காட்டியது. எடுத்துக்காட்டிய பின்னரும் ஆங்கிலமே தொடர வேண்டும் என்று முடித்தது.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் நேர்ந்த பிழைகள். தகலோக்கில் நேர்ந்த மாற்றம் இதனினும் நுண்ணியது. ‘குரோ ஸியா’ என்றால் ஆசிரியர் அவர். பயனிலை முன்னும் எழுவாய் பின்னும் நிற்கும். இடையில் வினை வேண்டா. ‘அவர் ஆசிரியர்’ என்னும் நம் தொடரிலும் வினை இல்லை. எழுவாயை முன்னே வைக்க வேண்டின், ‘ஸியா அய் குரோ’ என ‘அய்’ இடையில் வரும். ‘அய்’ சொன்முறை மாறியதைக் காட்டும் இடைச்சொல், அவ்வளவே. ஆயின் ஆங்கிலத் தொடரை அருகில் வைத்து நோக்குவார்க்கு ‘அய்’ நின்ற இடம் ஆங்கிலத்தின் இருத்தல்வினை நின்ற இடமே. ஆகவே ‘அய்’ என்பதே அவ்வினை என்று கொண்டனர். அது வினையன்று என்பதற்குப் பெருஞ்சான்று வேண்டா. ‘அங் பபாயே அய் புமிலி நங் இஸ்தா’ என முற்றுவினை உள்ள தொடரிலும் அது வருகிறது. காலமோ நிலையோ காட்டி ஒருபோதும் திரிவதில்லை. எனினும் ‘அய்’ உள்ள தொடரே திருந்தியது, அஃதில்லாதது பேச்சுவழக்கு என்னும் எண்ணம் பள்ளிகளில் வேரூன்றியது. வீட்டில் ‘குரோ ஸியா’ என்று பேசும் சிறுவன் கட்டுரையில் ‘ஸியா அய் குரோ’ என்று எழுதலானான்.

இதனைக் கண்டு நாம் நகைத்தற்கில்லை. ‘இது மாமரம்’ என்று நிறைவாக நிற்கும் தொடரை ‘இது ஒரு மாமரம் ஆகும்’ என்றும், ‘அவர் மருத்துவர்’ என்பதை ‘அவர் ஒரு மருத்துவராக இருக்கிறார்’ என்றும் எழுதும் வழக்கம் நம்மிடையே பெருகியுள்ளது. எம் மாணாக்கர் ஏடுகளில் இவ்வாகும்மையும் ஒருவையும் அடித்து அடித்து எம் சிவப்பு மை தீர்ந்ததுண்டு. தகலோக்கர்க்கு ‘அய்’ சொந்தச் சொல்லேனும் ஆகும்.

தகலோக்கை அதன் முறையிலேயே நோக்க முயன்றவருள் லெனார்டு புளூம்ஃபீல்டு குறிப்பிடத்தக்கவர். அவர் மணிலாவுக்குச் சென்றவரல்லர். இல்லினாய் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்ற அல்ஃபிரேதோ வியோலா சாந்தியாகோ என்னும் மாணாக்கர் வாய்மொழியாகக் கூறிய கதைகளை எழுதிக்கொண்டு, அவற்றினின்றே இலக்கணம் கண்டார். 1917-இல் அந்நூல் வெளிவந்தது. பேசுவோர் சொன்ன தொடரே முதற்சான்று என்னும் கொள்கையால் அது இன்றும் மதிக்கப்படுகிறது. ஆயினும் செயப்பாட்டுவினை என்னும் பெயரை அவராலும் விட இயலவில்லை. நேர், கருவி, இடம் என மூன்று செயப்பாட்டுவினைகளும் ஒரு செய்வினையும் ஆக நான்கு என்றார்.

1935-ஆம் ஆண்டு அரசியலமைப்பு நாட்டுமொழி ஒன்றை உருவாக்கப் பணித்தது. 1937 டிசம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் மனுவெல் கெசோன் தகலோக்கை அதன் அடிப்படையாக அறிவித்தார். லோப்பே கே. சாந்தோஸ் என்னும் புதின ஆசிரியர் எழுதிய ‘பலாரிலா’ 1940-இல் வெளிவந்தது. இலக்கணத்தைத் தகலோக்கிலேயே, தகலோக் கலைச்சொற்களாலேயே எழுதியமை இந்நூலின் சிறப்பு. பெயர்ச்சொல் ‘பங்ஙாலன்’, ‘ஙாலன்’ என்பதே பெயர். மாற்றுப்பெயர் ‘பங்ஹாலிப்’, ‘ஹாலிப்’ என்பது பதிலாக நிற்றல். உயிரெழுத்து ‘பதினிக்’, மெய்யெழுத்து ‘கதினிக்’. இரண்டிலும் உள்ள ‘தினிக்’ என்பது குரல். வினைச்சொல் ‘பந்திவா’. இதன்கண் உள்ள ‘திவா’ உள்ளுணர்வைக் குறிப்பது. வடமொழிச் சீவன் என்னும் சொல்லே மலாய் வழியாக அவ்வாறாயிற்று என்பர். நம் இலக்கணிகள் உயிர் என்னும் பெயரை எழுத்துக்கு வைத்தனர். அவர்கள் வினைக்கு வைத்தனர்.

சொற்கள் தகலோக், கட்டடம் பழையதே. எழுவாய்க்கு ‘சிமுனோ’, பயனிலைக்குப் ‘பனகுரி’ என்னும் பெயர்கள் வழங்கின. பயனிலை முன்னிற்பதே இயல்பான வரிசை என்றும் ‘அய்’ வருவது தலைகீழ் வரிசை என்றும் பள்ளியிலக்கணம் கற்பித்தது; இது பெருந்திருத்தம். அவ்விலக்கணம் கற்பித்த பள்ளியிலேயே மாணாக்கர் எழுத்தில் தலைகீழ் வரிசை மிகுந்தது என்பதும் உண்மை.

எழுவாய் யாது?

1972-இல் பால் ஷாக்டரும் ஃபே ஓதானெஸும் வெளியிட்ட பேரிலக்கணம் எழுவாய் என்னும் சொல்லை ஒதுக்கி, ‘அங்’ பெற்ற பெயரைப் பேசுபொருள் என்னும் கருத்தில் வேறு பெயரால் வழங்கியது. 1976-இல் ஷாக்டர் ஒரு கட்டுரையில் இவ்வினாவை நேராகவே எழுப்பினார். பெண் தன்னையே புண்படுத்தினாள் என்னும் பொருளில், ‘ஸினாக்தான் நங் பபாயே அங் கன்யாங் ஸரிலி’ என்பர். ‘தன்னை’ என்னும் பெயரே இங்கு ‘அங்’ பெறுகிறது. அது யாரைச் சுட்டுகிறது என்பதை வரையறுப்பதோ ‘நங்’ பெற்ற செய்பவள். எழுவாய்க்குரிய இவ்வியல்பு செய்பவள்பால் உள்ளது. ஆயின் பெயரை எச்சத்தால் விசேடிக்குங்கால் ‘அங்’ பெறத்தக்க பெயரே அதற்குரியது. ‘இஸ்தாங் பினிலி நங் பபாயே’ என்றால் பெண் வாங்கின மீன். ‘மீனை வாங்கின பெண்’ என்று சொல்ல வேண்டின் ‘பினிலி’ உதவாது. ‘புமிலி’ என்று வினையை மாற்றியே ஆகல் வேண்டும். எழுவாய்க்குரிய மற்றோரியல்பு இவ்வாறு ‘அங்’ பெயரிடம் உள்ளது. ஐரோப்பிய மொழிகளில் ஓரிடத்தே குவிந்து கிடக்கும் இயல்புகள் தகலோக்கில் ஈரிடத்தே பிரிந்து கிடத்தலின், எழுவாய் என ஒன்றைச் சுட்டல் இயலாது என்பது அவர் முடிபு. அதனை மறுத்து ‘அங்’ பெயரே எழுவாய் என்று நிறுவ முயன்றாரும் உளர்.

வேறு சிலர், தகலோக் வினைமுற்றே பெயர்த்தன்மையுடையது என்பர். ‘இஸ்தா நங் பபாயே’ என்றால் பெண்ணின் மீன். ‘பினிலி நங் பபாயே’ என்பதிலும் அதே ‘நங்’ நிற்றலின் அதனைப் ‘பெண் வாங்கியது’ எனப் பெயராகக் கொள்ளலாம் அன்றோ? அவ்வாறாயின் ‘பினிலி நங் பபாயே அங் இஸ்தா’ என்பது ‘பெண் வாங்கியது அம்மீன்’ என்னும் பெயர்ப்பயனிலைத் தொடராய் முடியும். ‘குரோ ஸியா’ என்பதும் அதுவும் ஒரே அமைப்பினவாம். இக்கொள்கையை மறுப்பாரும் உளரேனும், வினையாலணையும் பெயரைக் கையாண்டு பழகிய தமிழ் மாணாக்கர்க்கு இது மிக நெருங்கியதாகவே தோன்றும். முதுகலை மாணாக்கர் எவரேனும் இவ்வழியிற் சென்று இரு மொழிகளையும் ஒப்பிட்டு ஆராய்தல் நன்று.

பிலிப்பைன்ஸ் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ளன. தகலோக்கர்க்கு ஸ்பானிய, ஆங்கில இலக்கணங்கள் எவ்வாறிருந்தனவோ, செபு, இலோக்கோ முதலிய பகுதிகளின் சிறுவர்க்குத் தகலோக் இலக்கணம் ஏறத்தாழ அவ்வாறே ஆயிற்று. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்க வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வியை விதித்தது. 2024-ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவ்விதியை நீக்கி, ஃபிலிப்பினோவையும் ஆங்கிலத்தையும் மீண்டும் பயிற்றுமொழியாக்கியது. தகலோக்கில் ‘மஹால் கிதா’ என்பது அன்பை அறிவிக்கும் தொடர். ‘நான்’, ‘உன்னை’ என்னும் இரண்டும் ‘கிதா’ என்னும் ஒரு சொல்லில் அடங்கியுள்ளன. செபுவானோ மொழியிலும் ‘கிதா’ உண்டு. அங்கே அதன் பொருள் ‘நாம்’.